சீனா போன கடுக்காய்

பருவம் மாறினாலே சளி பிடிக்கிறது. சீன மருந்து வரவழைத்துச் சாப்பிடலாமா?
– வாசகர், மூங்கில்துறைப்பட்டு

பார்சலைப் பிரித்ததும் உள்ளே கடுக்காய் இருந்தால் என்ன செய்வீர்கள்? தாங் மன்னர்கள் காலத்திலேயே அது சீன மருத்துவத்தில் இடம்பிடித்துவிட்டது. நாள்பட்ட இருமலுக்கும் தொண்டைக் கம்மலுக்கும் இன்றும் அங்கே கொடுக்கிறார்கள். உங்களுக்கோ அது பக்கத்துக் கல்வராயன் மலைச் சரக்கு! வரிவரியாய்ப் புடைத்த காயைத் தட்டி, கொட்டையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் இடித்து வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் வேண்டாம்.

சீனர்களுக்கும் நம்மைப் போல ஆறு பருவமா?

சீன மருத்துவத்துக்கு ஐந்து. கோடையின் கடைசியைத் தனியே பிரித்து, அது ஈரம் மிகுந்து செரிமானம் மந்தமாகும் காலம் என்கிறார்கள். நமக்குக் கார் முதல் முதுவேனில் வரை ஆறு. உங்கள் ஊருக்கு மட்டும் ஏழு: கூட்டுறவு சர்க்கரை ஆலையின் அரவைப் பருவம்!

மழைக்காலக் காய்ச்சலுக்கு நிலவேம்பு போதாதா?

ஒன்பது சரக்கு சேர்ந்த குடிநீர், தாராளமாகக் குடியுங்கள். ஆனால் கடிக்கிற கொசுவுக்குச் சித்தமும் தெரியாது, சீனமும் தெரியாது. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். குழந்தை என்றால் அந்த இரண்டு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.