குழிக்கு ஒரு வியாக்கியானம்

போக்குவரத்துத் துறைக்கு ஆலோசனை வழங்கும் அரசாங்க வக்கீலின் மேதாவிலாசத்தை நம் ஜனங்கள் இன்னும் உணர்ந்து போற்றாதிருப்பது பெருங்குறையே. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)ஆம் பிரிவு, இயந்திர சக்தியால் இயங்கிச் சாலையில் செல்லத்தக்கதாய் அமைந்ததே மோட்டார் வாகனம் என்றும், தண்டவாளத்தில் ஓடுவதும், நாலு சக்கரத்துக்குக் குறைவாய் 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத என்ஜின் பூண்டதும் அவ்வாறு ஆகாவென்றும் விதித்திருக்க, அதை ஊன்றிப் படித்த அவர், மழைக்குப் பின் எஞ்சியிருப்பது குழியேயன்றிச் சாலையன்று, சாலையில்லாத இடத்தில் வாகனமில்லை, வாகனமில்லாத இடத்தில் விபத்தில்லை, விபத்தில்லாத இடத்தில் நஷ்டஈடு ஏது என்று அபிப்பிராயம் எழுதி, ஒரே கையெழுத்தில் விபத்துகளை அடியோடு ஒழித்துவிட்டார். தார் வாங்கியிருந்தால் எவ்வளவு வீண் செலவு!

மறுநாள் நிதித் துறையார் பதறி ஓடிவந்தனர்: அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணை, மாநிலப் பட்டியலின் 57ஆம் இனம், சாலையில் ஓடத் தகுந்த வாகனங்களுக்கன்றோ வரி விதிக்க இடந்தருகிறது, சாலையே இல்லையெனில் வரிக்கு என்ன கதி? அம்மகானுபாவர் சற்றும் கலங்காமல் பேனாவைத் திறந்து, பழைய அபிப்பிராயத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: "வரி செலுத்தும் தேதியன்று மாத்திரம் மேற்படி குழி சாலையாகவே கருதப்படும்."