முப்பது உயிர்

ஆம்பூரில் நாற்பதை நெருங்கியவரிடம் ‘கான்ட்ரா’ என்று சொல்லிப் பாருங்கள், கட்டைவிரல் தானாகத் துடிக்கும். கொனாமி நிறுவனம் 1988இல் வீட்டு டிவிக்குக் கொண்டுவந்த சண்டை ஆட்டம். எட்டுக் கட்டம், மூன்றே உயிர். ஒரு குண்டு பட்டால் ஒன்று காலி. கேசட்டைக் கழற்றி, ஊதி, மறுபடி சொருகுவது தனி வேலை. அதன் மேல் ‘99999 இன் 1’ என்றிருக்கும். திரும்பத் திரும்ப வருவதைக் கழித்தால் தேறுவது கொஞ்சம்தான்.

குறுக்கு வழியும் உண்டு: மேலே இரண்டு, கீழே இரண்டு, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. முப்பது உயிர்!

பள்ளி நாளில் வேலூர் மாவட்டத்துக்காரராக இந்த ஆட்டத்தைத் தொடங்கியவர், 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு மகனின் செல்போனில் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரராக முடிக்கிறார். ஊர் நகரவில்லை, கட்டம்தான் மாறியது. வெற்றிக்கு அரைக் கிலோ பிரியாணி.

பக்கத்தில் ஓடும் (மழை பெய்தால்) பாலாற்றின் ஆட்டம் இன்னும் முடியவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. 2025 ஜனவரியில் அதே கழிவுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு. கழிவுக் குழாய்க்கு அந்தப் பத்துப் பொத்தான் ரகசியத்தை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மட்டும் மூன்றே உயிரோடு ஆடுகிறது.