விவாதமில்லா ஆணையத்துக்கு ஒரு துக்க விசாரிப்பு

பெறுநர்:
அதிபர் வேட்பாளர் விவாத ஆணையம்,
வாஷிங்டன், அமெரிக்கா.

பொருள்: விவாத ஆணையத்துக்கு விவாதம் இல்லாமற்போனது – அனுதாபமும் ஒரு கோரிக்கையும்.

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

2024 மே மாதத்தில் பைடன் தரப்பும் டிரம்ப் தரப்பும் உங்களைக் கேட்காமலே விவாதங்களைத் தொலைக்காட்சிகளோடு நேராகப் பேசி முடித்துக்கொண்டதைப் படித்தேன். கல்யாணத் தரகரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு சம்பந்திகள் உள்ளே தாம்பூலம் மாற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. டெக்சாஸ், வர்ஜீனியா, யூட்டா என மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் பிடித்து, நாளும் குறித்து வைத்திருந்தீர்கள். துக்கம் கேட்கத் தாமதமாக வந்ததற்கு மன்னியுங்கள்.

உங்கள் பிறப்பே அபூர்வமானது. இரண்டு பெரிய கட்சிகளின் தேசியத் தலைவர்கள் சேர்ந்து 1987-ல் உங்களை உருவாக்கி, நடுநிலை அமைப்பு என்று பெயரும் வைத்தார்கள். உங்களுக்குமுன் விவாதங்களை நடத்திவந்த பெண் வாக்காளர் லீக், 1988-ல் இரு தரப்பும் நீட்டிய நிபந்தனைகளைப் படித்துவிட்டு, இது வாக்காளரை ஏமாற்றும் வேலை என்று விலகிக்கொண்டது. உங்களுக்கு அப்படிப்பட்ட முன்கோபம் கிடையாது.

பிறகு, கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் எட்டாதவருக்கு மேடையில் இடமில்லை என்று விதி வைத்தீர்கள். மேடை ஏறாதவரை ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாதவருக்கு 15 சதவீதம் வராது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதையே அமெரிக்க விதியாக்கிய பெருமை உங்களுடையது. 2000-ல் அந்த விதி வந்ததிலிருந்து உங்கள் மேடையில் மூன்றாவது நாற்காலிக்கு வேலையே வரவில்லை.

இப்போது துக்கத்தின் மையத்துக்கு வருகிறேன். விவாதம்தான் வாக்காளர் மனத்தை மாற்றுகிறது என்பது உங்கள் தொழிலின் மூலதனம். கேட்டால் 1960-ஐக் காட்டுவீர்கள். சிகாகோ ஸ்டுடியோவில் வெயில்பட்ட நிறத்தோடு கென்னடி. முழங்கால் புண்ணுக்கு மருத்துவமனையில் கிடந்து, மெலிந்து, சரியான ஒப்பனையும் இல்லாமல் நிக்சன். டிவியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி, வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் என்ற கதை அன்றிலிருந்து உலகம் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் என்று காட்டப்படுவது ஒரு சின்னக் கருத்துக்கணிப்பு. வானொலி கேட்டவர்கள் அதில் சில நூறு பேர். நிக்சன் நாடு முழுவதும் தோற்றது 1 லட்சத்து 12 ஆயிரம் சொச்சம் வாக்குகளில். அவ்வளவு குறுகிய இடைவெளியில் யார் வேண்டுமானாலும் நான்தான் ஜெயிக்கவைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பவுடர் டப்பா உட்பட.

பத்து நாடுகளில் 62 தேர்தல்களையும் 56 தொலைக்காட்சி விவாதங்களையும் எடுத்துவைத்து இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். விவாதத்துக்கு முன்னும் பின்னும் வாக்காளர் முடிவில் விவாதத்தால் வந்த மாற்றம் எதையும் அவர்களால் காண முடியவில்லை. இந்த அறிக்கை உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தால் தயவுசெய்து நன்கொடையாளர் கண்ணில் படாமல் வையுங்கள்.

ஆனால் விவாதம் ஒன்றையுமே மாற்றாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். 1976 அக்டோபர் 6, சான்ஃபிரான்சிஸ்கோ. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று விவாதத்தில் அதிபர் ஃபோர்டு சொன்னார். அன்று இரவே அவர் தரப்புக் கணிப்பாளர்கள் வீடுகளுக்குப் போன் போட்டுக் கேட்டபோது, பார்த்தவர்களில் கூடுதலானோர் ஃபோர்டே தேவலை என்றார்கள். மறுநாள் முழுக்கச் செய்தியாளர்கள் அந்த ஒரு வாக்கியத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாலையில் கேட்கப்பட்டவர்களில் கூடுதலானோர் எதிர்த்து நின்ற கார்ட்டர்தான் வென்றார் என்று தலைகீழாகச் சொன்னார்கள். ஆக, தாங்கள் பார்த்தது என்ன என்பதை மக்கள் மறுநாள்தான் தெரிந்துகொள்கிறார்கள்! எங்கள் பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்பு சொல்லும்வரை கூட்டம் கைதட்டக் காத்திருப்பதைப்போல.

நீங்கள் இல்லாமல் நடந்த 2024-க்கு வருவோம். எங்கள் வீட்டில் அது காலை ஆறரை மணி நிகழ்ச்சி. கையில் காபி, பக்கத்தில் பெரியப்பா. ஜூன் 27 அட்லாண்டா விவாதத்தில் பைடன் தடுமாறினார். 24 நாளில் போட்டியிலிருந்தே விலகினார். மாறியது வாக்காளர் அல்ல, வேட்பாளர்! செப்டம்பர் 10 பிலடெல்ஃபியாவில் டிரம்ப், வந்தேறிகள் நாய் பூனையைத் தின்கிறார்கள் என்றார். உடனே எடுத்த சி.என்.என். கணிப்பில், பைடனுக்குப் பதில் வந்த கமலா ஹாரிஸ் வென்றதாக 63 சதவீதம் பேர் சொன்னார்கள். "அப்ப அந்தப் பொண்ணுதான்" என்றார் பெரியப்பா. நவம்பரில் நாடும் போயிற்று, விவாதம் நடந்த பென்சில்வேனியாவும் போயிற்று. இதில் ஹாரிஸ் தனியாள் இல்லை. 1984-ன் முதல் விவாதத்தில் ரீகனைத் திணறடித்த மாண்டேல் 49 மாநிலங்களில் தோற்றார். பெரியப்பா இன்னும் என்னை நம்பவில்லை. அவர் பார்த்த வரைக்கும் அந்தப் பெண் ஜெயித்துவிட்டாள்.

எனவே என் கோரிக்கை. 1976 செப்டம்பரில், அதே பிலடெல்ஃபியாவில், ஃபோர்டும் கார்ட்டரும் பேசிக்கொண்டிருக்கையில் ஒலி போய்விட்டது. 27 நிமிடம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், நாட்டையும் பார்க்காமல், அப்படியே நின்றார்கள். அந்த 27 நிமிடத்தில் ஒரு பொய் இல்லை, ஒரு வாக்குறுதி இல்லை, சோவியத் பற்றி ஒரு சொல் இல்லை.

2028-ல் உங்களுக்கு மறுபடி வேலை கிடைத்தால், ஒலிவாங்கியைப் பிடுங்கிவிட்டு 90 நிமிடமும் அப்படியே நடத்தித் தாருங்கள். மேற்படி ஆய்வின்படி வாக்குகளுக்குச் சேதாரம் எதுவும் வராது. தேதியை மட்டும் முன்கூட்டியே தெரிவித்தால் பெரியப்பாவையும் எழுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆறரை மணிக் காபியோடு காத்திருக்கும்,
வாக்குரிமை இல்லாத ஒரு பார்வையாளன்.