மரம் இரவில வேலைக்குப் போகுதோ?

வா தம்பி, இரு. புதுசா டூப்ளெக்ஸ் வாங்கிப்போட்டியாம். முத்தத்து மேப்பிள் மரத்துக்கு அடியில எட்டு லைற் பூட்டப்போறியாம். வடிவமைப்பாளர் ஒருத்தர் வந்து மரத்தை மேலயும் கீழயும் பாத்திட்டு, “இதுக்கு ஒரு கதை இருக்கு” எண்டவராம். கதைக்கு எவ்வளவு காசு கேட்டவர்? முதல் அதைச் சொல்லு.

வெளிச்சம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. மொன்றியல்ல மார்கழியில பின்னேரம் நாலேகாலுக்கே சூரியன் போயிடும். ஆனா வெளிச்சம் எங்க வேணும்? உன்ர வீட்டு வெளிப்படியைப் பார். உறைமழை பெய்து விட்டால் அந்த இரும்புப் படியில ஐஸ் பிடிச்சுக் கிடக்கும். மூண்டாம் படி எங்க முடியுது எண்டு காலால தடவித்தான் இறங்கவேணும். அங்க ஒரு குமிழ் இல்லை. மரத்துக்கு எட்டு! ஏன், அது இரவு வேலைக்குப் போய் வருதோ?

பாதை ஓரத்தில முழங்கால் உயரத்துக்குக் குட்டி விளக்குகளாம். இஞ்ச வருசத்துக்கு 2 மீற்றருக்கு மேல ஸ்னோ கொட்டும். எல்இடி பெரிசாச் சுடாது. மேல விழுந்த ஸ்னோ உருகாது. மார்கழியில தாண்டது சித்திரையிலதான் வெளிய வரும். அதுவும் ஸ்னோ தள்ளிற மிசின்காரன் விட்டு வைச்சால்.

“பாலத்தைப் பாருங்கோ அப்பு” எண்டுவாய். ஜாக் கார்ட்டியே பாலம். நகரத்துக்கு 375 வயது எண்டு 2017 இல பூட்டினவை. 2,800 க்கு மேல விளக்கு, 39.5 மில்லியன் டொலர், நாளுக்கொரு நிறம். நானும் வாயைப் பிளந்துகொண்டு நிண்டு பாத்தனான். வடிவுதான். ஆனா மோனே, அது ஆத்துக்கு மேல நிக்குது. உன்ர மரத்துக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை படுக்கிற அறைக்கும் இடையில ஒரு வேலிதானே?

தெருவிளக்குக் கதை தெரியுமோ? நகரசபை 132,500 விளக்கை எல்இடியா மாத்த வெளிக்கிட்டுது. முதல் நினைச்சது 4000 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. நித்திரை கெடும் எண்டு சனம் சத்தம் போட, 3000 க்கு இறங்கி வந்தவை. நகரசபையே இறங்கி வருது, உனக்கென்ன வீம்பு?

மெகாந்திக் மலைப்பக்கம் போய்ப் பார். உலகத்தின்ர முதல் சர்வதேச இருள்வான் காப்பகம், 2007 இல வந்தது. அங்க சனம் தடக்கி விழுந்துகொண்டோ திரியுது? ஆயிரக்கணக்கில விளக்கை மாத்தி, வெளிச்சத்தைக் கீழ விழப் பண்ணினவை. அவ்வளவுதான். உன்னைப்போல ஆக்கள் இஞ்சயிருந்து மூண்டு மணித்தியாலம் கார் ஓடிப் போய் நட்சத்திரம் பாக்கினம். திரும்பி வந்து தங்கட வானத்துக்கு லைற் அடிக்கினம். ஆருக்கு விசர்?

சீலைக்கடைக்கு லைற் எண்டால் வேற கதை. பேர்ப்பலகை தெரிஞ்சால்தானே சனம் வரும். பூட்டினாப் பிறகும் விடிய விடிய எரிஞ்சால், ஆர் வந்து சீலை வாங்கிறது?

ஆத்தில போட்டாலும் அளந்து போடு. படிக்கு ஒண்டு, கதவிலக்கத்துக்கு ஒண்டு. மஞ்சள் வெளிச்சம், கீழ பாக்கவேணும், ஆள் வந்தால் மட்டும் எரியவேணும். மிச்சக் காசில படிக்குப் போட ரண்டு பை உப்பு வாங்கு.