பிடித்த ஈரத்தை விடாத பனியன்

திருப்பூர் பனியனைப் போல ஈரத்தைப் போற்றும் துணி அரிது. சித்திரை வெயிலில், மின்விசிறி எட்டாத மூலையில் நின்று வேலை பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். உடம்பில் அரும்பும் வேர்வையை ஒரு துளி விடாமல் அள்ளிக்கொள்ளும். கொஞ்சம் காற்று பட்டால் போதும், அந்த ஈரத்தை வைத்தே ஆளைக் குளிரவைத்துவிடும். அள்ளியதை லேசில் கைவிடவும் செய்யாது. 30 வருஷம் செக்கிங் மேசையில் பீஸ் பார்த்தவன் நான். ஆளைக் குளிரவைப்பதில் நம் ஊர் பனியனுக்கு ஈடு கிடையாது என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்தப் பனியன் 30 உருப்படி என் அக்கா மகனின் சூட்கேஸில் ஏறியிருந்தது. அவன் மேல்படிப்புக்குப் போவது கனடாவின் வின்னிபெக்குக்கு. ஜனவரி இரவில் அங்கே மைனஸ் 20 டிகிரி சர்வசாதாரணம்.

அக்கா வீட்டுக் கூடத்தில் சூட்கேஸைத் திறந்து காட்டினாள். எல்லாம் புத்தம்புதுசு. ஒன்றுக்கும் பாலிதீன் கவர் பிரிக்கவில்லை. வெள்ளை ஒரு அடுக்கு, கலர் ஒரு அடுக்கு, அயர்ன் மடிப்பு கலையாமல், டஜன் கட்டு கட்டியதுபோல இருந்தது. எல் சைஸ் சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட் ஒன்று ஏறக்குறைய 180 கிராம். 30க்கு ஐந்து கிலோ 400. பெட்டிக்கு 23 கிலோதான் விமானத்தில் விடுவார்கள். அதில் கால் பங்கு எடையைத் தாயின் அன்பு பிடித்துக்கொண்டிருந்தது.

“இது போதுமுங்களா மாமா?” என்றான் மருமகன்.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தொண்டைமானின் படைக்கலக் கொட்டில் நினைவுக்கு வந்தது. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் அதைத்தான் பாராட்டுகிறார். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுக்குள் எத்தனை அழகாக இருக்கின்றன உன் ஆயுதங்கள் என்கிறார். அதியமானின் வேலோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறதாம். அக்காவின் பெட்டியில் அழகுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வேலை செய்தேன். சாயங்காலம் ஒரு பனியனையும், ஓடுவதற்கு அவன் போடும் பாலியஸ்டர் டி-ஷர்ட்டையும் ஒரே வாளியில் முக்கி, ஒன்றுபோலப் பிழிந்து, மொட்டை மாடிக் கொடியில் போட்டேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மூவரும் மேலே போனோம். பாலியஸ்டர் காய்ந்து காற்றில் படபடத்தது. பனியன் அசையாமல் தொங்கியது. கழுத்து ரிப்பைத் தொட்டால் ஜில்லென்றது. பாட்டம் ஹெம்மின் மடிப்பில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டியது. அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்ல துணீன்னா அப்படித்தான் தம்பி, தண்ணி குடிக்கும்” என்றாள். அவள் சொன்னது முழு உண்மை.

காற்றிலுள்ள ஈரத்தில் பருத்தி சாதாரணமாகத் தன் எடையில் சுமார் எட்டரை சதவீதம் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. நனைந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். குளிர் நாட்டில் மாணவன் எங்கே வேர்க்கிறான்? கனமான கோட்டுக்குள், முதுகில் பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகையில். ஓடி முடித்து நிறுத்தத்தில் நிற்பான். பஸ் பத்து நிமிஷம் தாமதம். நம் பனியன் அப்போது தன் கடமையைச் செய்யும். வாங்கிய வேர்வையை முதுகோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நமக்கு மே மாதத்தில் செய்த அதே உதவியை அவனுக்கு ஜனவரியில் செய்யும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காற்று என்றால் நமக்குப் பயமில்லை. ஆனால் மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. பனிமலை ஏறுகிறவர்கள் பருத்தி ஆளைக் கொல்லும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதை முதன்முதலில் கேட்டபோது, பருத்தியில் சோறு தின்ற எனக்கு நெஞ்சில் குத்தியது. வெயிலில் ஆளைக் காப்பாற்றும் அதே குணத்தைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

ஊரின் விசுவாசத்தையும் சொல்ல வேண்டும். 1925இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் முதல் பனியன் கம்பெனி முதல், 1978இல் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்த இத்தாலிக்காரர் வெரோனா வரை, 2024-25இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாயைத் தொட்ட ஏற்றுமதி வரை, இந்த ஊர் பெரும்பாலும் ஒரே இழையைப் பிடித்து மேலே வந்தது. உலகத்தில் உற்பத்தியாகும் இழையில் மூன்றில் இரண்டு பங்கு செயற்கை இழையாக மாறிய பிறகும் திருப்பூர் பருத்தியைக் கைவிடவில்லை. அரசும் அந்தப் பற்றுக்குத் துணை நின்றது. பருத்தி நூலுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி இருந்தபோது, செயற்கை இழைக்கு 18, அதன் நூலுக்கு 12 என்று 2025 செப்டம்பர் வரை வைத்திருந்தது. இத்தனை வைராக்கியத்தின் பலனாக நமக்குக் கோடைக்கால ஆர்டர் குறைவில்லாமல் வருகிறது. சில கம்பெனிகள் பாலியஸ்டர் விளையாட்டுத் துணிக்கு மாறத் தொடங்கியிருக்கின்றன. அவர்களை மனதார வாழ்த்துகிறேன். ஆனாலும் குளிர்கால உள்ளாடை தேடி நம் பிள்ளை காதர்பேட்டைக் கடைவீதி முழுக்க அலைந்தான். கடைக்காரர் “தெர்மல்” என்று எடுத்துப் போட்டதன் உள்ளே திருப்பி லேபிளைப் பார்த்தேன். நூறு சதவீதம் காட்டன். தையல் அற்புதம், ஒரு நூல் பிசிறில்லை. கடைசியில் லூதியானா சரக்குதான் கை கொடுத்தது. அக்னி நட்சத்திரத்தில் பஞ்சுத்தூள் மூக்கில் ஏற, அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஹூடி தைத்து அனுப்புகிற ஊர் இது.

மறுநாள் பெட்டியைக் கொட்டி மறுபடி அடுக்கினோம். உடம்போடு ஒட்டி நிற்க மெரினோ கம்பளியிலோ பாலியஸ்டரிலோ மேலுக்கும் காலுக்கும் இரண்டு செட். கம்பளியும் ஈரம் குடிக்கும், பருத்தியைவிடக் கூடவே குடிக்கும். ஆனால் அந்த ஈரத்தை இழைக்குள் வைத்துக்கொண்டு, சுருள் சுருளான இழைகளுக்கு நடுவே காற்றைக் காப்பாற்றிச் சூடு தரும். அதன் மேல் ஒரு பிளீஸ். காலுக்குக் கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி, காது மூடும் தொப்பி, கையுறை. கோட்டும் பூட்ஸும் இங்கே வாங்கவே கூடாது. நம் கடைகளில் குண்டாகத் தெரியும் கோட்டு அந்தக் காற்றைத் தாங்காது. அங்கேயே படிப்பு முடிந்து கிளம்பும் சீனியரிடம் பழசாக வாங்குவது மேல். பனியன் எட்டு வைத்தேன். ஹீட்டர் ஓடும் அறைக்குள் அதைப் போல சுகமான துணி வேறில்லை. தேங்காய் எண்ணெயை எடுக்கச் சொன்னேன், 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். பனியனைக் குறைத்ததற்குத்தான் அக்கா ஒப்பவில்லை.

“அத்தன குளுரு நாட்டுக்குப் போற பையனுக்கு நாலு பனியன் கூட வெச்சா என்ன தம்பி கொறஞ்சிரும்?” என்று கண் கலங்கினாள். நான் அந்தப் பக்கம் திரும்பியபோது நாலு சேர்ந்திருந்தது. பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிப்ரவரியில் வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் எல்லாம் வெள்ளை. புகைபோல மூச்சு விட்டுக்கொண்டு சிரித்தான். முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு, யாரோ இரண்டு பேர் போட்டுக் கழித்தது. மணிக்கட்டில் துணி நைந்து, உள்ளே அடைத்த இறகு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது.

அக்கா செல்போனை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டாள்.

“ஏஞ்சாமி, புதுத்துணி அத்தன குடுத்துட்டேனே, கை கிழிஞ்ச கோட்டையா கண்ணு போட்டிருக்கே?”