கட்டியைப் பட்டினி போடலாமா?

கேள்வி: கீமோதெரபி எடுப்பவர் சோறு, சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் புற்றுநோய்க் கட்டி பட்டினியால் செத்துவிடுமாமே?

பதில்: கட்டிக்கு முன்னால் ஆள் துரும்பாகிவிடுவார்! புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அள்ளி விழுங்குவதை 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தது உண்மைதான். ஆனால் வாயைக் கட்டினாலும் உடம்பு தசையைக் கரைத்தாவது ஈரலில் குளுக்கோஸ் தயாரித்துவிடும். எடை சரிந்தால் மருந்தின் அளவைக் குறைக்கவும், அடுத்த சுற்றைத் தள்ளிப்போடவும் நேரலாம்.

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் கணக்குப்படி, 60 கிலோ ஆளுக்குத் தினமும் 60 முதல் 90 கிராம் புரதம் தேவை. வெறும் கஞ்சித் தண்ணீரில் அது எப்படி வரும்?

வாய்ப்புண்ணா? காரம் வேண்டாம், குழைந்த பருப்புச் சாதம், நன்றாக வெந்த முட்டை, இரண்டு மணிக்கொருதரம் கொஞ்சம் கொஞ்சமாக. வாயில் இரும்பு ருசி அடித்தால், எவர்சில்வர் கரண்டியை வைத்துவிட்டு மரக்கரண்டியில் கொடுத்துப் பாருங்கள்.