பின் இருக்கைக்கு விலக்கு அளித்தமைக்கு நன்றி

அனுப்புநர்: காரின் பின் இருக்கையில் பயணிக்கும் ஒரு குடிமகன்.

பெறுநர்: சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: புத்தகத்தில் இருந்தும் சாலையில் இல்லாத ஒரு விதிக்காக நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 138(3), மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 194பி.

மதிப்பிற்குரிய ஐயா,

மனு என்றால் குறை சொல்லத்தான் வந்திருக்கும் என்று இதைக் கோப்பின் அடியில் செருகிவிட வேண்டாம். இது நன்றி மனு. உங்கள் அமைச்சகத்துக்கு இப்படியொன்று அடிக்கடி வர வாய்ப்பில்லை என்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

காரில் முன் நோக்கி அமைந்த பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரும் வண்டி ஓடும்போது சீட் பெல்ட் அணிய வேண்டும் என்று மேலே பார்வையில் கண்ட விதி சொல்கிறது. மீறினால் 2019 திருத்தத்தின்படி ஆயிரம் ரூபாய் அபராதம். இவ்வளவையும் எழுதி, அச்சிட்டு, அரசிதழில் வெளியிட்ட பிறகு, அது யார் காதிலும் விழாதபடி பார்த்துக்கொண்டீர்கள் பாருங்கள், அந்தப் பெருந்தன்மைக்குத்தான் முதல் நன்றி.

வாகனத் தணிக்கையை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். காவலர் கை காட்டுகிறார். அதற்கு முன்பே வண்டிக்குள், "போலீஸ் நிக்கிறாங்க, பெல்ட்ட இழுத்துப் போடு" என்று குரல் எழுந்து, ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் பட்டையைத் தோளுக்கு மேல் இழுத்துக் கையால் பிடித்துக்கொள்கிறார்கள். காவலர் கண்ணாடி வழியாக இருவரையும் பார்க்கிறார், தலையசைக்கிறார். கார் என்ற வாகனம் அந்த இரண்டு இருக்கைகளோடு முடிந்துவிட்டது என்பதே அவருக்கு அளிக்கப்பட்ட பயிற்சி போலும். பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது இருந்துவிட்டால் ஒரு சல்யூட்டும் உண்டு.

இதில் பண்பாடும் இருக்கிறது, மறுக்கவில்லை. நம் ஊரில் பின் இருக்கை மரியாதைக்குரிய இடம். முன்னால் இடது பக்கம் மச்சானுக்கு: போனில் வழி பார்த்துச் சொல்லவும், சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வேலை செய்யாதபோது சண்டை போடவும். பின்னால் பெரியப்பா, பெரியம்மா, கலெக்டர், எம்.எல்.ஏ., கல்யாணப் பெண். இவர்களை ஒரு பட்டையால் கட்டிப்போடுவதா? எங்கள் மாமா ஒருவரிடம் பெல்ட் போடச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நான் என்ன வண்டியா ஓட்டுறேன்? சும்மா உக்காந்திருக்கவனுக்கு எதுக்குய்யா பெல்ட்டு?"

இந்தக் கேள்விக்கு உங்கள் அமைச்சகம் இதுவரை மாமாவுக்குப் புரியும்படி பதில் சொல்லவில்லை. அதற்கும் நன்றி. சொல்லியிருந்தால் குடும்பத்தில் மனக்கசப்பு வந்திருக்கும்.

மாமாவே மனம் மாறிப் பெல்ட் போட விரும்பினாலும் அது எளிதல்ல என்பதையும் பதிவு செய்கிறேன். புதுக் கார் வாங்கியவர் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றியதும் நேராகப் போகும் இடம் சீட் கவர் கடை. கடைக்காரர் பின் இருக்கைக்கு உறை மாட்டும்போது, பெல்ட்டைச் செருகும் பூட்டுகளை இருக்கையின் இடுக்குக்குள் அமுக்கிவிடுகிறார். "வெளிய நீட்டிட்டு இருந்தா உறுத்தும் சார்." அன்று உள்ளே போனதுதான். வாடகைக் காரில் ஏறிப் பூட்டைத் தேடிப் பாருங்கள்: வேர்க்கடலைத் தோல் வரும், ஒரு ரூபாய் நாணயம் வரும், யாரோ குழந்தையின் கிளிப் வரும். பூட்டு வராது. அரசு கார்களின் நிலையோ இன்னும் உயர்ந்தது. இருக்கையின் மேல் வெள்ளைத் துண்டு விரித்தாயிற்று. துண்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவது பதவிக்கு அழகா?

எல்லாம் சுகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. வண்டி எங்கும் மோதாதவரை.

மோதும்போது என்ன ஆகிறது என்பது அரசாணைக்குக் கட்டுப்படாத விஷயமாக இருப்பதுதான் சிக்கல். கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது என்றால் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும் மாமாவும் அதே 60-இல்தான் போய்க்கொண்டிருக்கிறார். கார் சட்டென்று நின்றுவிடுகிறது. மாமாவை நிறுத்த யாரும் இல்லை. அந்த வேகத்தில் முன்னால் இருப்பதில் போய் மோதுவது, கணக்குப் போட்டால், நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். முன்னால் இருப்பதாக நான் சொன்னது ஓட்டுநரின் இருக்கை. அதில் ஓட்டுநரும் இருக்கிறார்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை எண்ணிப் பார்த்து 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னால் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால், பெல்ட் போட்டு முன்னால் ஒழுங்காக உட்கார்ந்திருப்பவர் சாகும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. மாமா வண்டி ஓட்டவில்லை, உண்மைதான். ஆனால் ஓட்டுகிறவரைக் கொல்லப்போவது அவராக இருக்கலாம். சட்டத்தை மதித்தவருக்கு, மதிக்காதவரின் முழு எடையும் பின்னாலிருந்து வந்து சேருகிறது. இதைவிடச் சுருக்கமாக நம் போக்குவரத்தை யாராலும் விளக்கிவிட முடியாது.

இது உங்களுக்குத் தெரியாதது அல்ல. 2014 ஜூன் 3 அதிகாலை, தில்லியில் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த கோபிநாத் முண்டே காரின் பின் இருக்கையில் இருந்தார். மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சராகப் பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சிக்னலில் இன்னொரு கார் வந்து மோதியது. அவர் இறந்தார். பெல்ட் அணிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அன்றைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தனே வருந்திச் சொன்னார். நாடு ஒரு வாரம் பின் இருக்கை பெல்ட்டைப் பற்றிப் பேசியது. பிறகு வேறு செய்திகள் வந்துவிட்டன.

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, குஜராத்தின் உத்வாடாவிலிருந்து மும்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் சுவரில் கார் மோதியது. விலை உயர்ந்த மெர்சிடிஸ். காற்றுப் பைகளுக்குப் பஞ்சமில்லை. முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்றது காவல்துறை. இந்த இடத்தில் என்னால் பகடி செய்ய முடியவில்லை, மன்னியுங்கள். அடுத்த பத்தியில் நீங்களே உதவுகிறீர்கள்.

அதற்கடுத்து உங்கள் அமைச்சகத்தில் வந்த சுறுசுறுப்பைச் சொல்கிறேன். பின் இருக்கையில் பெல்ட் போடாதவர்களுக்கு இனி அபராதம் என்று அறிவித்தீர்கள், ஏதோ அதுவரை அப்படியொரு சட்டம் இல்லாததுபோல. பின் இருக்கைக்கும் எச்சரிக்கை மணி என்று வரைவு வெளியிட்டீர்கள். மும்பை போக்குவரத்துக் காவல்துறை நவம்பர் 1 முதல் எல்லாப் பயணிகளுக்கும் பெல்ட் கட்டாயம் என்றது. ஏற்கெனவே கட்டாயமாக இருந்ததை மறுபடி கட்டாயமாக்கும் கலையில் நம்மை விஞ்ச ஆளில்லை.

காற்றுப் பை விவகாரம் தனிக் காவியம். ஒவ்வொரு காரிலும் ஆறு பைகள் என்று 2022 ஜனவரியில் வரைவு போட்டீர்கள். அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதி கெடு. கெடு வந்ததும் ஓராண்டு தள்ளினீர்கள். அந்த ஓராண்டும் முடியப்போன 2023 செப்டம்பரில், கட்டாயமாக்கும் எண்ணம் இல்லை என்று உங்கள் அமைச்சரே சொல்லிவிட்டார். பை விரிய நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது என்பார்கள். விரியாமல் போக இருபது மாதம் ஆயிற்று.

பை வந்திருந்தாலும் எங்கள் மாமாவுக்குப் பெரிய பயனில்லை என்பது வேறு விஷயம். அது பெல்ட் போட்டவருக்காகக் கணக்கிட்டு வைத்த பை. பெல்ட் இடுப்பையும் தோளையும் இருக்கையில் பிடித்துவைக்கும். பை அதற்குத் துணை. பெல்ட் இல்லாமல் முன்னே பாய்ந்து வரும் உடலைப் பை பாதி வழியில் சந்தித்தால் அதுவே அடியாக இறங்கும். முன் இருக்கையில் அப்பா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போவதை ஒவ்வொரு சாலையிலும் பார்க்கலாம். அந்தப் பைக்கும் அப்பாவின் மார்புக்கும் நடுவில் இருப்பது குழந்தை. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் என்று அதே 194பி சொல்கிறது. நம் வழக்கத்தில் குழந்தை கணக்கிலேயே சேர்வதில்லை. "அஞ்சு பேர்தான் சார், மத்ததெல்லாம் பசங்க."

இந்த நாட்டின் படைப்பாற்றலை நீங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்கள் என்பதே என் ஒரே மனத்தாங்கல். பெல்ட் போடாவிட்டால் கார் கத்தும் என்று மணி வைத்தீர்கள். உடனே சந்தைக்கு ஒரு பொருள் வந்தது: பெல்ட்டே இல்லாமல் பூட்டில் செருகுவதற்கு வெறும் உலோக நாக்கு மட்டும். செருகினால் கார் ஏமாந்து வாயை மூடிக்கொள்ளும். கார் நிறுவனங்களின் சின்னம் பொறித்தும் கிடைத்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃப்ளிப்கார்ட் உள்ளிட்ட ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட, 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. அவற்றில் சில, பாட்டில் திறப்பான் என்ற பெயரில் விற்பனையில் இருந்தனவாம். சீட் பெல்ட் பூட்டில் செருகிவைக்கும் பாட்டில் திறப்பான்! பெல்ட்டை ஏமாற்றும் ஆர்வமும் குடித்துவிட்டு ஓட்டும் வசதியும் ஒரே உலோகத் துண்டில். இதற்குக் காப்புரிமை தராமல் விட்டது நாட்டுக்கு இழப்பு.

உயிரைக் காக்க ஒரு பட்டையை இழுத்து மாட்டுவதற்கு இரண்டு நொடி. மாட்டாமல் இருப்பதற்குக் காசு கொடுத்துக் கருவி வாங்குகிறோம். தங்கள் குடிமக்கள் இவர்கள். நானும்தான்.

எண்ணுவதில் மட்டும் உங்கள் மேல் குறை சொல்ல முடியாது. ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறீர்கள். 2022-இல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடு முதலிடம். அந்தப் பெருமையை இங்கே யாரும் சுவரொட்டி அடித்துக் கொண்டாடவில்லை. சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஓட்டியவர்கள் 8,384, பயணிகள் 8,331. எங்கள் மாமாவின் கேள்விக்கு விடை உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. ஓட்டியவரும் சும்மா உட்கார்ந்திருந்தவரும் கிட்டத்தட்டச் சமம். இந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்து ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் பெரிதாக எழுதிவைத்திருக்கலாம். அங்கே வரவேற்பு வளைவுக்கும் தலைவர்கள் படத்துக்கும் இடம் போதாததால் விட்டிருப்பீர்கள்.

இனி கோரிக்கைக்கு வருகிறேன். நன்றி மனுவில் கோரிக்கை எதற்கு என்று கேட்காதீர்கள்; கோரிக்கை இல்லாமல் இந்த நாட்டில் யாரும் நன்றி சொல்வதில்லை.

194பி-யை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். பெல்ட் அணியாமல் ஓட்டுபவர், அல்லது பெல்ட் அணியாத பயணிகளை ஏற்றிச்செல்பவர், ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அதாவது பின்னால் சாய்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றால் தண்டனை முன்னால் ஓட்டுகிறவருக்கு. அதிகாரியின் ஓட்டுநர் தன் அதிகாரியைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, பெல்ட் போட்டாத்தான் வண்டி எடுப்பேன்" என்று சொல்வதைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். அடுத்த நாள் அவர் எந்த ஊர்ப் பணிமனையில் இருப்பார்? மாதச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் பையன் முதலாளியின் அம்மாவிடம் எப்படிச் சொல்வான்? வாடகைக் கார்க்காரர் ஐந்து நட்சத்திரத்துக்காகத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக் கும்பிடுகிறார், அவரா அதட்டப்போகிறார்? வண்டிக்குள் யாருடைய சொல் எடுபடாதோ அவரைத் தேடிப்பிடித்துப் பொறுப்பாளி ஆக்கியிருக்கிறீர்கள். பெல்ட்டை மாட்டும் கை பயணியுடையது. அபராதத்தையும் அதே கை எடுத்துக் கொடுக்கட்டும். குழந்தைகளுக்கு ஓட்டுநரோ பெற்றோரோ பொறுப்பு என்பது சரி. ஐம்பது வயதுப் பெரிய மனிதருக்கு யார் பொறுப்பு?

இரண்டாவது, செலவே இல்லாத வேலை. மஞ்சள் பலகை வாகனங்கள் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிதழ் எடுக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வரும்போது, ஆய்வாளர் பின் கதவைத் திறந்து மூன்று பூட்டுகளும் உறைக்கு மேலே இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. ஒரே மாதத்தில் சீட் கவர் கடைக்காரர்கள் உறையில் துளை வெட்டக் கற்றுக்கொள்வார்கள். அரசு கார்களுக்கும் இதே விதி. துண்டு இருக்கட்டும், கேட்கவில்லை. பூட்டு துண்டுக்கு மேலே இருக்கட்டும்.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, பெல்ட் போடாத வயது வந்த பயணி தன் அபராதத்தைத் தானே கட்டும்படி பிரிவு 194பி-யைத் திருத்த ஆவன செய்யுமாறும், திருத்தம் வந்ததும் முதல் ரசீதை ஏதேனும் ஒரு அமைச்சரின் பெயரிலோ உயர் அதிகாரியின் பெயரிலோ எழுதி எல்லா நாளிதழ்களுக்கும் அனுப்பிவைக்குமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பின் இருக்கைப் பயணி.